கிபுட்ஸில் வளர்ந்த பாட்டியைப் பார்த்துக்கொள்ளப் போகிறீர்களா?

இஸ்ரேலில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ள ஆள் அனுப்பும் ஏஜென்சியிலிருந்து போன் செய்து "கிபுட்ஸில் ஒரு பாட்டி இருக்கிறார், போகிறாயா?" என்று கேட்டால் யோசிக்காமல் சரி சொல்லுங்கள். கிபுட்ஸ் என்றால் நிலம், பணம், சமையல் எல்லாம் பொது என்று தொடங்கிய கூட்டுக் கிராமம். டெல் அவிவில் லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடியைவிட இது எவ்வளவோ மேல். புல்வெளி, மரம், கார் வராத நடைபாதை எல்லாம் இருக்கும், சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு நிம்மதியாக நடக்கலாம். ஆனால் போகும்போது ஒரு நோட்டுப்புத்தகமும் வாங்கிக்கொண்டு போங்கள். நர்சிங்கில் படித்த படுக்கைப்புண்ணும் பிபியும் எங்கேயும் ஒன்றுதான். இந்தப் பாட்டிகள் வளர்ந்த விதம் மட்டும் நாம் எங்கேயும் பார்த்திராதது. அது தெரியாமல் போய் நான் முதல் வருஷம் செய்த கூத்துகளை நீங்களும் செய்ய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எனக்கு ஊர் மார்த்தாண்டம் பக்கம். 2014இல் போனேன். இஸ்ரேலின் வடக்கே யெஸ்ரயேல் பள்ளத்தாக்கில் ஒரு கிபுட்ஸ், ஆறு வருஷம் ஒரே பாட்டி. அவர் 1934இல் அதே கிபுட்ஸில் பிறந்தவர். நான் போகும்போது ஞாபகமறதி ஆரம்பித்திருந்தது. வாய் மட்டும் மறக்கவில்லை, நன்றாகத் திட்டுவார்.

அங்கே நம்மை 'மெத்தபெலெத்' என்று கூப்பிடுவார்கள். ஆண் என்றால் 'மெத்தபெல்'. பார்த்துக்கொள்கிறவள் என்று அர்த்தம். பாட்டி என்னைப் பெயர் சொல்லாமல் அப்படியே கூப்பிடும்போதெல்லாம், "வேலைக்காரி என்றுதானே சொல்கிறாய்" என்று மனசுக்குள் கறுவிக்கொண்டிருந்தேன். ஏழு மாதம் கழித்துத்தான் விஷயம் தெரிந்தது. சின்ன வயதில் பாட்டியைக் குளிப்பாட்டி, சோறூட்டி, துணி மாற்றி வளர்த்த பெண்ணுக்கும் அதே பெயர்தான். அந்தப் பெண் பாட்டியைப் பெற்றவர் இல்லை, சொந்தக்காரியும் இல்லை. கிபுட்ஸ் போட்ட வேலைப் பட்டியலில் அந்த வேலைக்குப் பெயர் வந்த ஒருத்தி, அவ்வளவுதான். பாட்டிக்கு அந்தச் சொல் எத்தனை பெரியது என்று எனக்கு முன்னமே யாராவது சொல்லியிருக்கலாம்.

முதல் வாரம் யாரிடம் என்ன கேட்பது

கொஞ்சம் பழைய கதை தெரிந்திருக்க வேண்டும். முதல் கிபுட்ஸ் டெகானியா, 1910இல் தொடங்கியது. பைபிளில் படித்திருப்பீர்களே கலிலேயாக் கடல், அதன் கரையில்தான். ரஷ்யாவிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் வந்த வாலிபப் பிள்ளைகள், நிலம் பொது, பணம் பொது, சமையல் பொது என்று முடிவு செய்து உட்கார்ந்தார்கள். அப்புறம் குழந்தைகள் பிறந்தார்கள். அம்மா வீட்டிலேயே கிடந்தால் வயலில் யார் வேலை செய்வது? ஆணுக்கும் பெண்ணுக்கும் சமம் என்று சொல்லிவிட்டுப் பிள்ளை வளர்ப்பதைப் பெண்ணின் தலையில் கட்டலாமா? அப்பா வைத்ததுதான் சட்டம் என்ற குடும்பங்களிலிருந்து ஓடி வந்தவர்கள் அதையே இங்கேயும் நட்டு வளர்ப்பார்களா? இப்படியெல்லாம் பேசித்தான் பெரும்பாலான கிபுட்ஸ்களில் பிள்ளைகளுக்கென்று தனி வீடு வைத்தார்கள். 'பெய்த் யெலாதிம்', குழந்தைகள் வீடு. பேச்சில் வராத இன்னொரு காரணமும் உண்டு. பெரியவர்கள் கூடாரத்திலும் தகரக் கொட்டகையிலும் கிடந்த காலம் அது. பல இடங்களில் முதல் கான்கிரீட் கட்டடம் பிள்ளைகளுக்காகத்தான் எழும்பியது. இருந்ததில் நல்ல சாப்பாடும் அவர்களுக்குத்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த குழந்தை நேரே குழந்தைகள் வீட்டுக்குப் போய்விடும். அம்மா நேரத்துக்கு வந்து பால் கொடுத்துவிட்டுப் போவார். வளர்ந்த பிறகு சாப்பாடு, குளியல், பாடம், விளையாட்டு, தூக்கம் எல்லாம் அங்கேயே. சாயங்காலம் ஒரு மூன்று மணி நேரம் பெற்றோரோடு. படுக்கும் நேரத்தில் பெற்றோரே திரும்பக் கொண்டுவந்து படுக்க வைத்து, முத்தம் கொடுத்துவிட்டு, விளக்கை அணைத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

இது எல்லா இடத்திலும் ஒன்றுபோல நடந்தது என்று நினைக்காதீர்கள். முதல் கிபுட்ஸான டெகானியாவில் பிள்ளைகள் பெற்றோரோடுதான் தூங்கினார்கள். 1970களில் ஆரம்பித்து ஒவ்வொரு கிபுட்ஸாக இந்த வழக்கத்தை விட்டன. 1990கள் முடிவதற்குள் எங்குமே இல்லை என்றாகிவிட்டது. அதனால் முதல் வாரத்திலேயே கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள்: பாட்டி இங்கேயே பிறந்தவரா, பிறகு வந்தவரா? குழந்தைகள் வீட்டில் தூங்கியவரா? அவருடைய பிள்ளைகளும் அங்கேதான் தூங்கினார்களா? கூட வளர்ந்தவர்கள் யார், யார் உயிரோடு இருக்கிறார்கள்?

பிள்ளைகளிடம் கேட்டால் பாதி சொல்வார்கள், மீதியில் அவர்களுடைய வருத்தம் கலந்திருக்கும். கிபுட்ஸின் ஆவணக்காப்பகத்துக்குப் போய்ப் பாருங்கள். பல கிபுட்ஸ்களில் ஒன்று உண்டு, பெரும்பாலும் பழைய ஆசிரியர் யாராவது பொழுதுபோகாமல் அங்கே உட்கார்ந்திருப்பார். எங்கள் காப்பகத்துத் தாத்தாவுக்கு ஒரு டப்பா முறுக்கு கொண்டுபோய்க் கொடுத்தேன். 1938ஆம் வருஷத்துப் படம் ஒன்று எடுத்துக் காட்டினார். ஒரு நீள பெஞ்சு, அதில் எட்டுக் குழந்தைகள், எல்லோருக்கும் ஒரே வெள்ளைத் தொப்பி. ஒவ்வொரு முகமாக விரல் வைத்துப் பெயர் சொன்னார். ஆறு வருஷத்தில் எனக்கு அதிகம் உதவியது அந்த எட்டுப் பெயர்கள்தான்.

என்ன சொல்லிக் கூப்பிடுவது

நம் வாய்க்கு எண்பது வயதுக்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிட வராது. அங்கே எல்லோருக்கும் பெயர்தான். 'சாவ்தா' என்றால் பாட்டி என்று யாரோ சொல்லிக்கொடுத்தார்கள், நானும் சந்தோஷமாகக் கூப்பிட்டேன். "நான் உன் பாட்டி இல்லை" என்றார். சரி என்று பழக்கதோஷத்தில் "அம்மா" என்றேன். எபிரேயத்தில் அம்மாவுக்கு 'இமா'. காதில் அது அப்படித்தான் விழுந்திருக்க வேண்டும். அவர் சிரித்த சிரிப்பில் பல்செட்டே கழன்றுவிட்டது. "என்னைப் பெற்றவளையே நான் இமா என்று கூப்பிட்டதில்லை, பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன்" என்றார். சில கிபுட்ஸ்களில் அப்படி ஒரு பழக்கம் இருந்திருக்கிறது. மரியாதைக் குறைவு என்று நினைத்துத் தயங்க வேண்டாம், முதல் நாளே பெயரைக் கேட்டு அப்படியே கூப்பிடுங்கள். எனக்கு அது வாயில் வர மூன்று மாதம் ஆனது. இங்கே எழுதும்போது பாட்டி என்றே எழுதுகிறேன், கோபிக்க அவர் இப்போது பக்கத்தில் இல்லை.

சாப்பாட்டு மேசையும் சலவை எண்ணும்

தட்டில் போட்டு அறைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தால் நல்ல கவனிப்பு என்று நாம் நினைப்போம். அவருக்கு அது சீக்காளிச் சாப்பாடு. பிறந்தது முதல் கூட்டத்தோடு சாப்பிட்டவர்கள் இவர்கள். பொது உணவுக்கூடம் இப்போது பல கிபுட்ஸ்களில் மூடிவிட்டது, சிலவற்றில் மத்தியானம் மட்டும் திறக்கிறார்கள். அந்த ஒரு வேளை இருந்தால் விட்டுவிடாதீர்கள். மழையானாலும் நாற்காலிக்கு மேல் பிளாஸ்டிக் போட்டுத் தள்ளிக்கொண்டு போங்கள். வீட்டில் அரை ரொட்டி தின்னாத பாட்டி, எதிரே நாலு பேர் உட்கார்ந்தால் சூப்பைக் கிண்ணத்தோடு குடித்துவிடுவார்.

வீட்டில் காலைச் சாப்பாட்டுக்குத் தக்காளி, வெள்ளரிக்காய், அவித்த முட்டை, வெள்ளைச் சீஸ். நறுக்கிக் கொடுக்காதீர்கள். கை நடுங்குகிறதே என்று நான் பொடிப்பொடியாக நறுக்கிக் கொடுத்தேன், மூன்று நாள் தொடவே இல்லை. அவரவர் சாலட்டை அவரவரே தட்டில் நறுக்கிக்கொள்வதுதான் வழக்கம். கூர் மழுங்கிய சின்னக் கத்தி ஒன்றைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். அரை மணி நேரம் ஆகும், ஆகட்டும்.

மேசை நடுவே ஒரு எவர்சில்வர் கிண்ணம் இருக்கும். அதன் பெயர் கோல்போய்னிக். முதல் நாள் நான் அதைப் பரிமாறுகிற பாத்திரம் என்று நினைத்து, ஆசையாகச் செய்த உருளைக்கிழங்குப் பொரியலை அதில் கொட்டி வைத்தேன். பாட்டி பொரியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முட்டை ஓட்டை அதன் மேல் போட்டார். அது எச்சில் கிண்ணம். தோல், ஓடு, எலும்பு, மென்று துப்பிய சக்கை எல்லாம் அதற்குள்தான். எல்லாம் இருப்பது என்பதுபோல அந்தப் பெயருக்கு அர்த்தம் சொல்வார்கள். அந்தக் கிண்ணம் மேசையில் இல்லாவிட்டால் பாட்டிக்குச் சாப்பாடு ஆரம்பிக்காது.

துணி விஷயமும் இப்படித்தான். ஒவ்வொருவருக்கும் பொதுச் சலவையகத்தில் ஒரு எண் உண்டு. அந்த எண்ணை நாடாவில் அடித்து எல்லாத் துணியிலும் உள்பக்கம் தைத்திருப்பார்கள். பாட்டியின் எண் 47. உள்பாவாடை, ஜட்டியை எல்லாம் பொதுச் சலவைக்கு அனுப்ப எனக்குக் கூச்சமாக இருந்தது, கையால் துவைத்துக் குளியலறையில் காயப்போட்டேன். "என்னை ஏன் தள்ளிவைக்கிறாய்?" என்று ஒரு நாள் முழுக்கச் சண்டை. மூட்டையில் போட்டு அனுப்பிவிடுங்கள். புதுத்துணி வாங்கினால் முதலில் எண் தைத்துவிட்டுத்தான் உடுத்திவிட வேண்டும். ஒரு தடவை ஆஸ்பத்திரியில் அடையாள எண் கேட்டார்கள். பாட்டி நிமிர்ந்து உட்கார்ந்து "நாற்பத்தேழு" என்றார். நர்ஸ் என்னைப் பார்த்தாள். அட்டையை எடுத்து நான் நீட்டினேன்.

இன்னொன்று. உங்கள் சாமான்களை உங்கள் அறையில் வைத்துக் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து நான் கொண்டுபோன புது ஸ்வெட்டரைப் பாட்டி எடுத்துப் பக்கத்து வீட்டு பிலிப்பைன்ஸ் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார். "அவளுக்குக் குளிர்கிறது" என்றார். பீரோவில் இருந்தால் அது யாருக்கு வேண்டுமோ அவர்களுடையது. திருட்டு, மறதி என்று பெயர் வைத்துப் பிள்ளைகளிடம் புகார் செய்யாதீர்கள்.

குளியல் பற்றி ஒரு வார்த்தை மட்டும். சில கிபுட்ஸ்களில் ஆணும் பெண்ணும் பெரிய பிள்ளைகளாகும்வரை ஒரே குளியலறையில்தான் குளித்தார்கள். அதனால் இவர்களுக்குக் கூச்சமே இருக்காது என்று பேசிக்கொள்வார்கள். நம்பாதீர்கள். அந்தக் குளியலறையை நினைத்து இன்றும் கூசுகிறவர்கள் உண்டு. யாராக இருந்தாலும் துண்டைப் போட்டு மூடியே குளிப்பாட்டுங்கள். பின்னாலிருந்து தலையில் தண்ணீர் ஊற்றாதீர்கள். எட்டுப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தித் தண்ணீர் ஊற்றியவர்கள் அப்படித்தான் ஊற்றியிருக்கிறார்கள்.

நாலு மணி

நோட்டுப்புத்தகத்தில் சிவப்பு மையால் எழுதுங்கள்: சாயங்காலம் நாலு மணிக்கு டாக்டர் வேண்டாம், பிசியோதெரபி வேண்டாம், குளியல் வேண்டாம்.

பாட்டியின் குழந்தைப் பருவத்தில் நாலு மணிக்குத்தான் அம்மாவும் அப்பாவும் வேலை முடிந்து, குளித்து, சுத்தமான சட்டை போட்டுப் பிள்ளையைப் பார்க்கத் தயாராவார்கள். ஏழு மணி வரை வேறு யாருக்கும் அந்த நேரம் கிடையாது. பெற்றோரின் ஒற்றை அறையில் தேநீர், ஒரு கேக் துண்டு, மடியில் உட்கார்ந்து கதை. அந்தத் தேநீர்க்கெட்டில்கூட ஒரு காலத்தில் பெரிய சர்ச்சை. அவரவர் அறையில் அவரவர் கெட்டில் வைத்துக்கொண்டால் பொதுக்கூடத்துக்கு யார் வருவார்கள் என்று கூட்டம் போட்டு வாதாடியிருக்கிறார்கள். நமக்குச் சிரிப்பாக இருக்கும். பாட்டியிடம் சிரித்துவிடாதீர்கள், அவர் கெட்டிலை எதிர்த்து ஓட்டுப் போட்டவர்.

நான் சேர்ந்த ஐந்தாம் மாதம், கண் டாக்டரிடம் 4.15க்கு நேரம் வாங்கினேன். மூன்றரைக்கு வண்டி வந்தது. பாட்டி கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. "அவர்கள் வரும்போது நான் இருக்க வேண்டும்" என்றார். யார் என்று கேட்டேன். என்னை ஒரு முட்டாளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். வண்டியைத் திருப்பி அனுப்பினேன், ஏஜென்சியில் என்னைக் கண்டித்தார்கள். மறுநாள் மகள் வந்துதான் நாலு மணியின் கதையைச் சொன்னாள். அதன் பிறகு மூன்றரைக்கே தலை சீவி, சட்டை மாற்றி, தேநீருக்குத் தண்ணீர் வைத்துவிடுவேன். யாராவது வருவார்கள். யாரும் வராத நாளில் நான் ஏப்ரனைக் கழற்றிவிட்டு, என் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு, வாசலில் மணி அடித்து உள்ளே வருவேன். கேலிக்கூத்தாகத் தெரியலாம். ஆனால் பாட்டி எழுந்து நின்று வரவேற்பார்.

எனக்கு ஒரு சங்கடம் இருந்தது. கோடையில் அங்கே நாலு மணி என்றால் ஊரில் 6.30. என் மகள் டியூஷன் முடிந்து வந்து எனக்கு போன் செய்கிற நேரமும் அதுதான். அவளுக்கு அப்போது ஒன்பது வயது, என் அம்மாவோடு இருந்தாள். இரண்டையும் தனித்தனியாக வைக்கப் பார்த்தேன், முடியவில்லை. கடைசியில் போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்து மூன்று பேருமாக உட்கார்ந்தோம். பாட்டி முதல் நாள் கேட்ட கேள்வி, "ராத்திரி அழுதால் இவளிடம் யார் வருவார்கள்?" என் அம்மா பக்கத்திலேயே படுத்திருப்பார் என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. தன் தட்டிலிருந்த கேக்கைப் பாதி வெட்டிப் போனுக்கு முன்னால் வைத்தார்.

ராத்திரி

இந்தப் பாட்டிகளிடம் நமக்குக் கஷ்டம் வருவது ராத்திரியில்தான். பகல் முழுக்க ராஜாத்தி மாதிரி இருந்தவர் ராத்திரி ஒன்றரைக்குப் போர்வையை இழுத்துக்கொண்டு கதவருகே நிற்பார். முதலில் நர்ஸாக யோசியுங்கள். சிறுநீர்த் தொற்றா, வயிற்று வலியா, புது மாத்திரையா, தாகமா என்று பாருங்கள். அதெல்லாம் இல்லை என்று தெரிந்த பிறகுதான் பழைய காலத்தைக் குற்றம் சொல்ல வேண்டும்.

குழந்தைகள் வீட்டில் ராத்திரி பெரியவர்கள் யாரும் கூடத் தூங்குவதில்லை. 'ஷோமெரெத் லைலா' என்று ராக்காவல் பெண் ஒருத்தி இருப்பாள், எல்லாக் குழந்தை வீடுகளுக்கும் சேர்த்து ஒருத்தியோ இருவரோதான். வீடு வீடாகச் சுற்றி வருவாள். முறை வைத்து ஆள் மாறுவதால் வருகிறவள் தெரிந்த முகமாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நரி ஊளையிடும்போது விழித்துக்கொண்ட பிள்ளை, அவள் அடுத்த சுற்று வரும்வரை காத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பக்கத்துக் கட்டிலுக்குப் போக வேண்டும்.

பாட்டி பக்கத்துக் கட்டிலுக்குப் போகிற ரகம். ராத்திரி அவர் கூப்பிடும் பெயரை அவருடைய அக்கா பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். காப்பகத்துப் படத்தில் இடமிருந்து மூன்றாவதாக உட்கார்ந்திருந்த குழந்தை அது.

நான் முதலில் செய்த தப்புகள் இவை. எல்லா விளக்கையும் போட்டேன், அவர் மிரண்டார். கட்டிப்பிடித்தேன், திமிறினார். "காலையில் மகள் வருவாள்" என்றேன், அழுகை கூடியது. ராத்திரியில் அவர் வயது ஐந்து, மகள் எங்கே இருந்து வருவாள்?

பிறகு என்ன செய்தேன் என்று சொல்கிறேன். நடைவழியில் சின்ன விளக்கு ஒன்று விடியும்வரை எரியட்டும். அறைக்குள் நுழையுமுன் செருப்புச் சத்தம் கேட்கும்படி நடந்து, கதவருகே நின்று முதலில் அவர் பெயரையும் பிறகு உங்கள் பெயரையும் சொல்லுங்கள். "இன்றைக்கு ராக்காவல் நான்தான், இரண்டு மணிக்கு மறுபடி வருவேன்" என்று சொல்லுங்கள். சொன்னால் கட்டாயம் வர வேண்டும். அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். அவர் தூங்கிப்போயிருந்தாலும் கதவருகே வந்து நின்றுவிட்டுப் போங்கள், ஏனென்றால் சில நாள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார்.

அதுவும் பலிக்காத ஒரு குளிர்கால ராத்திரியில், என் மடக்குக் கட்டிலை இழுத்துக்கொண்டு போய் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டேன். ஒட்டிப் போடவில்லை, ஒரு கை நீளம் இடைவெளி விட்டு, தலைமாடு ஒரே பக்கமாக. விளக்கை அணைத்தேன். கொஞ்ச நேரத்தில் போர்வைக்குள்ளிருந்து கை வெளியே வந்து காற்றில் துழாவியது. என் கட்டிலின் இரும்புச் சட்டம் தட்டுப்பட்டதும் அதை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டது. என் கையைப் பிடிக்கவில்லை, கட்டிலைத்தான் பிடித்தார். காலை ஆறு மணி வரை ஒரு சத்தமும் இல்லை. அன்றிலிருந்து நாங்கள் அப்படித்தான் தூங்கினோம். ஒப்பந்தத்தில் தனி அறை என்று இருந்தால் அது உங்கள் உரிமை, இப்படிச் செய்யுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். இன்னொரு காலிக் கட்டிலைப் போட்டுத் தலையணை வைத்தாலும் சில நாள் போதும், அதையும் பார்த்தேன்.

கூட வளர்ந்தவர்கள்

தினமும் காலை பத்து மணிக்கு வாக்கரைத் தள்ளிக்கொண்டு ஒரு தாத்தா வருவார். பேசமாட்டார்கள். இருவரும் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து சூரியகாந்தி விதையைக் கொறித்துத் தோலைத் துப்பிக்கொண்டிருப்பார்கள். பழைய காதலாக இருக்கும் என்று நினைத்து ஒரு நாள் கண்ணைச் சிமிட்டிக் கேட்டுவிட்டேன். பாட்டி முகம் சுளித்ததைப் பார்க்க வேண்டுமே! "ஒரே வரிசையில் கக்கூஸ் பானையில் உட்காரப் பழகியவர்கள் நாங்கள்" என்றார்.

ஒரே வயதுப் பிள்ளைகளின் இந்தக் குழுவுக்கு 'குவூட்ஸா' என்று பெயர். இவர்கள் ஒருவரையொருவர் கல்யாணம் செய்துகொள்வது ரொம்ப அபூர்வம். யாரும் தடை போட்டதில்லை, பெற்றோருக்குச் சொல்லப்போனால் ஆசைகூட இருந்தது. யோசெஃப் ஷெஃபெர் என்ற சமூகவியலாளர் 1971இல், கிபுட்ஸில் வளர்ந்தவர்களின் கிட்டத்தட்ட 3,000 திருமணங்களை எடுத்துப் பார்த்தார். ஒரே குழுவுக்குள் நடந்தவை 14தான். அந்த 14லும், முதல் ஆறு வருஷம் முழுக்க ஒன்றாக வளர்ந்த ஜோடி ஒன்றுகூட இல்லை. காப்பகத்துத் தாத்தா இதைச் சொல்லும்போது, மாமன் மகன் அத்தை மகள் என்று கட்டிக்கொடுக்கிற நம்மூர்க் கதையைப் பதிலுக்குச் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி கேட்டார்.

அதனால் அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று எழுதும் பட்டியலில் பிள்ளைகளுக்கு அடுத்து குவூட்ஸாவில் மிச்சமிருப்பவர்களின் எண்களையும் எழுதுங்கள். பாட்டி சாப்பிட மறுத்தால், மாத்திரையைத் துப்பினால், மகனைவிட அந்த வாக்கர் தாத்தா சொன்னால்தான் நடக்கும்.

அவர்களில் ஒருவர் இறந்தால் மறைக்காதீர்கள். படத்தில் கடைசியாக உட்கார்ந்திருந்தவர் இறந்தபோது, நம்மூர் வழக்கப்படி இப்போது சொல்ல வேண்டாமே என்று நான் வாயை மூடிக்கொண்டேன். மத்தியானம் உணவுக்கூடத்துக்குத் தள்ளிக்கொண்டு போனேன். வாசல் அறிவிப்புப் பலகையில் கறுப்புக் கரை போட்ட தாள் ஒட்டியிருந்தது. பாட்டிக்கு எழுத்து மட்டும் மறக்கவில்லை. அன்று நாலு மணிக்கு அவர் சட்டை மாற்றவில்லை. அடுத்தவர் போனபோது காலையிலேயே சொன்னேன், கல்லறைத் தோட்டத்துக்கும் கூட்டிக்கொண்டு போனேன். கிபுட்ஸே அங்கே நின்றது. பாட்டி அழவில்லை. யார் யார் வந்திருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தார்.

பிள்ளைகள் வரும்போது

பாட்டிக்கு மூன்று பிள்ளைகள், 1958க்கும் 1965க்கும் இடையில் பிறந்தவர்கள். அவர்களும் குழந்தைகள் வீட்டில்தான் வளர்ந்தார்கள். மகன் அந்தக் காலத்தைச் சொல்லும்போது முகம் மலரும். நெருப்பு மூட்டி உருளைக்கிழங்கு சுட்டது, ராத்திரி சமையல்கூடத்தில் புகுந்து திருடியது, மாட்டுத்தொழுவம் எல்லாம் சொல்வான். மூத்த மகள் அதே வீட்டைச் சொல்லும்போது குரல் மாறிவிடும். ஆறு வயதில் வெறுங்காலோடு இருட்டில் பெற்றோர் அறைக்கு ஓடியிருக்கிறாள். அப்பா தூக்கிக்கொண்டுபோய்த் திரும்ப விட்டிருக்கிறார். மறுநாளும் ஓடியிருக்கிறாள்.

இரண்டும் உண்மை. யார் சொல்வது சரி என்று நீங்கள் தீர்ப்புச் சொல்லாதீர்கள். "எங்கள் ஊரில் பிள்ளையை ஒரு நாள்கூடப் பிரிய மாட்டோம்" என்று கூட்டுக்குடும்பப் பெருமையும் பேசாதீர்கள், பிள்ளையை விட்டுவிட்டு விமானம் ஏறி வந்தவர்கள் நாம். இரக்கப்பட்டுக் கண் கலங்கவும் வேண்டாம், பாட்டிக்கு அது கொஞ்சமும் பிடிக்காது.

பாட்டியே ஏழு வருஷம் மெத்தபெலெத்தாக இருந்தவர் என்பது எனக்கு இரண்டாம் வருஷம்தான் தெரிந்தது. அவருடைய பிள்ளைகளை வேறொருத்தி வளர்க்க, இவர் வேறு யாருடைய பிள்ளைகளையோ தூங்க வைத்துக்கொண்டிருந்தார். ஒரு சாயங்காலம் மகள் தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "என் அம்மாவின் கை எப்படி இருக்கும் என்று மற்றப் பிள்ளைகளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்." நான் பாத்திரம் கழுவ எழுந்து போய்விட்டேன். அப்படிப்பட்ட நேரத்தில் நீங்களும் எழுந்து போய்விடுங்கள். கழுவ ஒன்றும் இல்லாவிட்டால் கழுவினதையே கழுவுங்கள்.

ஆனால் அந்த மகள் ஒரு வாரம்கூடத் தவறியதில்லை. செவ்வாயும் வெள்ளியும் சரியாக நாலு மணிக்கு மணி அடிப்பாள். வெள்ளிக்கிழமை என்றால் பாட்டிக்கு வெள்ளைச் சட்டை, அதை வியாழனே எடுத்து வைத்துவிடுங்கள்.

நான் ஊருக்கு ஒரு மாத விடுப்பில் வரும்போது எனக்குப் பதிலாக வந்த பெண்ணுக்கு நோட்டுப்புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைக் கிழித்துக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவிட்டு வந்தேன். உங்கள் பாட்டிக்கு ஏற்ற மாதிரி மாற்றி எழுதிக்கொள்ளுங்கள்:

பெயர் சொல்லிக் கூப்பிடு. கத்தி இரண்டாவது டிராயரில், அவரே நறுக்குவார். சலவை எண் 47, மூட்டை ஞாயிற்றுக்கிழமை போகும். பத்து மணிக்குத் தாத்தா வருவார், விதை டப்பா அடுப்புக்கு மேலே. மூன்றரைக்குச் சட்டை மாற்று. ராத்திரி இரண்டு மணிக்கு வருவேன் என்று சொல்லியிருக்கிறேன், நீ வா. கோல்போய்னிக்கைக் கழுவியதும் திரும்ப மேசை நடுவிலேயே வை, அலமாரியில் வைத்தால் தேடுவார்.